உள்ளே இருப்பவர் தெரியமாட்டார்

"எவ்வளவு கறுப்பு வேணும் சார்?" என்று கார் கண்ணாடிக்கு ஃபிலிம் ஒட்டும் கடைக்காரர் கேட்டபோது பஞ்சு உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது வெளியில் சொல்லக்கூடிய உண்மை இல்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெயில் ஜாஸ்தியா அடிக்குது, அதுக்குத்தான்" என்றார்.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பஞ்சு என்பது அவர் பெயர் இல்லை, ஆபீஸில் வைத்தது. வாஷிங் மெஷின் செய்யும் கம்பெனியில் குறை கேட்கும் பிரிவில் அவருக்கு வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை காதில் போனை வைத்துக்கொண்டு ஊரார் வாயிலிருந்து வருவதையெல்லாம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். யார் எப்படித் திட்டினாலும், "உங்க சிரமம் எனக்கு நல்லாப் புரியுதுங்க" என்பார். குரல் ஏறாது, முகம் சுளிக்காது. எத்தனை குத்து குத்தினாலும் சத்தமே வராத மனுஷன் என்று யாரோ பஞ்சு என்று கூப்பிடப்போக, அதுவே நிலைத்துவிட்டது.

வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் மனுஷன் எங்கே கொண்டுபோய்க் கொட்டினார்? அதுதான் அவருடைய பரம ரகசியம். வேலை முடிந்ததும் ஆபீஸின் வண்டி நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். பிறகு திட்டுவார். சாதாரணத் திட்டு இல்லை. வாடிக்கையாளர், மேனேஜர், பக்கத்து சீட்டுக்காரர், கேன்டீன் டீ என்று ஒருவர் விடாமல், கையை ஆட்டி, ஸ்டியரிங்கைக் குத்தி, மூச்சு முட்ட முட்டத் திட்டுவார். எல்லாம் இறங்கியதும் தலையை வாரிக்கொண்டு, பால் குடித்த பூனை மாதிரி வீட்டுக்குப் போவார். போகிற வழியில் ஓட்டிக்கொண்டே திட்டலாமே என்று கேட்கலாம். அதுவும் செய்து பார்த்தார், சரிப்படவில்லை. திட்டுவதற்கு அவருக்கு இரண்டு கையும் வேண்டும்.

பழைய காரில் இதற்கெல்லாம் ஒரு தொந்தரவும் இல்லை. அதன் கண்ணாடியில் இருந்த தூசிக்கும் கீறலுக்கும் உள்ளே இருப்பது ஆளா மூட்டையா என்றே தெரியாது. அந்த வண்டி ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட, வீட்டில் எல்லாரும் சேர்ந்து ஒரு மின்சாரக் காரை அவர் தலையில் கட்டினார்கள். புது வண்டி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுற்றிலும் கண்ணாடி, மேலேயும் கண்ணாடி. முதல் நாள் அதில் உட்கார்ந்து வாயைத் திறக்கப்போன பஞ்சு, நாலா பக்கமும் பார்த்தார். மீன் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடிக்கொண்டார்.

அதுவும் பார்த்து எந்த நேரத்தில்! பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த நாற்காலிக்கு இரண்டே பேர்தான்: ஒன்று பஞ்சு, இன்னொன்று பக்கத்து சீட்டுக்காரர். மேனேஜர் பஞ்சுவைக் கூப்பிட்டு, "அந்த சீட்டுக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், நிதானம். மாசக் கடைசிவரைக்கும் ரெண்டு பேரையும் பாப்பேன்" என்று சொல்லியிருந்தார். இத்தனை வருஷமாகப் பஞ்சு ஆசைப்பட்ட நாற்காலி அது. அதில் உட்கார்ந்தவர் போனை எடுக்க வேண்டியதில்லை.

இப்போது புரியும், அவருக்கு எதற்குக் கறுப்பு வேண்டுமென்று. திட்டாவிட்டால் நிதானம் போய்விடும். திட்டுவதை யாராவது பார்த்துவிட்டால் மானமும் சேர்ந்து போய்விடும்.

கடைக்கு அவர் தனியாக வந்திருந்தால் தேவலை. மைத்துனன் கூடவே வந்திருந்தான். மனைவியின் தம்பி, எல்லாம் தெரிந்தவன். வண்டி வந்த அன்றே அதன் நடுவில் இருந்த பெரிய திரையை அவன் பிடித்துக்கொண்டுவிட்டான். சீட்டைச் சூடாக்கினான். எந்த ஊர் மொழியென்றே தெரியாத ஒன்றில் வண்டியைப் பேசவைத்தான். சத்தமில்லாத வண்டி என்பதால் ஆட்களை எச்சரிக்க வெளியே ஒரு ஸ்பீக்கர் இருப்பதையும், நிறுத்தின வண்டிக்குள் உட்கார்ந்தபடியே அதில் பேசலாம் என்பதையும் கண்டுபிடித்து, "அக்கா, கீழ வா" என்று ஒரு குரல் கொடுத்தான். தெருவே வெளியே வந்து பார்த்தது. அவனுக்கு மட்டும் உள்ளே ஒன்றுமே கேட்கவில்லையாம், கதவு அவ்வளவு கனம். எல்லாவற்றையும் இருந்தபடி மாற்றிவைக்கச் சொல்லிப் பஞ்சு கெஞ்சியதும், திரையில் நாலு இடத்தில் தட்டி, "மாத்தியாச்சு அத்தான்" என்றான். அதன்பின் பஞ்சு அந்தத் திரைப் பக்கம் விரலைக் கொண்டுபோனதே இல்லை.

கடைக்காரர் ஃபிலிம் துண்டுகளை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார். எழுபது, முப்பத்தைந்து, ஐந்து என்று எண்கள் சொன்னார். மைத்துனன் காதைக் கடித்தான். எழுபது என்றால் நூற்றுக்கு எழுபது கறுப்பாம், அதற்கு மேல் கறுப்பே கிடையாதாம்.

"எழுபது" என்றார் பஞ்சு.

கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். "எழுபதா? நல்லா யோசிச்சுட்டீங்களா சார்?"

அவர் தயங்குவதைப் பார்த்ததும், அப்பாடா, அத்தனை இருட்டுபோல என்று பஞ்சுவுக்குச் சந்தோஷம். நல்லா யோசிச்சாச்சு என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வண்டியை எடுக்கப் போனால், வேலையே ஆரம்பிக்கவில்லை போலத் தெரிந்தது. எப்போது ஒட்டுவீர்கள் என்று கேட்டார். ஒட்டியாச்சு என்றார் கடைக்காரர். எழுபது என்றால் எழுபது பங்கு வெளிச்சம் உள்ளே போகும், எண் குறையக் குறையத்தான் இருட்டு என்று அப்போதுதான் விளக்கினார்.

"வெயிலுக்குத்தானே கேட்டீங்க? அதுக்கு இது ஏகப்பட்டது சார்" என்றார்.

பஞ்சு என்ன செய்வார்? வெயிலுக்கு இல்லை, வேற விஷயத்துக்கு என்றா சொல்வார்? மைத்துனனைப் பார்த்தார். அவன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் முழுக்கத் திட்டு உள்ளேயே தங்கிவிட்டது. வயிறு உப்பசம் எடுத்தது. ஆபீஸில், மெஷின் துவைக்கும்போது நடந்து நடந்து ஹாலுக்கு வந்துவிடுகிறது என்று தினமும் போன் செய்யும் அம்மாள், ஒருநாள் வழக்கம்போலச் செய்தார். பஞ்சு தன் வழக்கமான தேன் குரலில், "ஒண்ணு செய்ங்கம்மா. அதுபாட்டுக்கு வாசல்வரைக்கும் போகட்டும். போனதும் கதவைச் சாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நல்லவேளை, அந்த அம்மாள் அதைக் கம்பெனி வழிமுறை என்று நினைத்து நன்றி சொல்லிவிட்டு வைத்தார். ஆனால் மேனேஜர் அந்தப் பக்கம் நின்றிருந்தார். புருவத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து சீட்டுக்காரர் நகம் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் புன்னகை செய்தார்.

இனித் தாங்காது. மறுநாளே கடைக்கு ஓடி, எழுபதை உரித்துவிட்டு ஐந்தை ஒட்டச் சொன்னார். இந்தத் தடவை கேட்டது கிடைத்தது. அடுப்புக்கரி மாதிரி கறுப்பு. பஞ்சுவுக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டில் மனைவி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஏங்க, புது வண்டி வாங்குனதே நாலு பேர் பாக்கத்தான். நான் உள்ள இருக்கேன்னே தெரியலன்னா, அதுல நான் எதுக்குங்க போகணும்?"

நாலு பேர் என்பது பேச்சுக்கு. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பேர், அவருடைய அக்கா. அக்கா பார்க்காத பொருள் எதுவும் அவர் கணக்கில் வாங்கின பொருளே இல்லை. உள்ளே இருந்து கையாட்டினால் கண்டிப்பாகத் தெரியும் என்று பஞ்சு சத்தியம் செய்தார். செய்துவிட்டு, அன்று சாயங்காலமே மனைவியை உட்காரவைத்து அக்கா வீட்டுத் தெருவில் மெல்ல ஓட்டினார். அக்கா பால்கனியில்தான் நின்றிருந்தார். மனைவி கையாட்டினார், அக்கா அசையவில்லை. திரும்பி வந்து இன்னும் மெல்ல ஓட்டினார். மனைவி இரண்டு கையையும் ஆட்டினார். மூன்றாவது சுற்றில் அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பொறாமை தாங்காமல்தான் போய்விட்டார் என்று மனைவிக்கு ஒரே திருப்தி.

தெருமுனையில் போலீஸ்காரர் வண்டியை மறித்தார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு வண்டி சத்தமே இல்லாமல் வீட்டை நோட்டம் விடுகிறது என்று ஒரு அம்மா போன் செய்தாராம். கண்ணாடியை இறக்கச் சொல்லி உள்ளே எட்டிப் பார்த்த போலீஸ்காரர், இரண்டு கையையும் தூக்கியபடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்து, "பயப்படாதீங்கம்மா, கையை இறக்குங்க. இவர் யாரு, உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டார்.

மனைவி பதில் சொல்வதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். அந்த நேரம் பஞ்சுவுக்கு என்றைக்கும் மறக்காது.

ஐந்தையும் நடுரோட்டிலேயே உரிக்கவைத்துத்தான் விட்டார்கள். வீடு வரும்வரை மனைவி பேசவில்லை, வந்த பிறகு நிறுத்தவில்லை. பஞ்சு, "உன் சிரமம் எனக்கு நல்லாப் புரியுது" என்றார். அது இன்னும் வினையாகப் போயிற்று.

மூன்றாவது தடவையும் வாசலில் பஞ்சுவைப் பார்த்ததும் ஃபிலிம் கடைக்காரர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். இந்த ஆளுக்கு வெயில் பிரச்சினை இல்லை என்று அவருக்கு இப்போது தெரிந்துவிட்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்: "சார், மனசுவிட்டுச் சொல்லுங்க. உங்களுக்கு என்னதான் வேணும்?"

அவ்வளவு அனுசரணையாகப் பஞ்சுவிடம் யாரும் பேசி நாளாகியிருந்தது. கண் கலங்கிவிட்டது. "உள்ள இருக்கறது வெளிய தெரியக் கூடாது. ஆனா கறுப்பாவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார்.

கடைக்காரர் உள்ளேபோய் ஒரு சுருளை எடுத்துவந்தார். கண்ணாடி ஃபிலிம். பகலில் வெளியே நிற்பவருக்கு முகம் பார்க்கும் கண்ணாடி, உள்ளே இருப்பவருக்கு எல்லாம் தெரியும். முன்பக்கம் மட்டும் ஒட்ட மாட்டேன், அது சட்டம் என்றார். பரவாயில்லை, முன்பக்கத்தைச் சுவரைப் பார்க்க நிறுத்திக்கொள்ளலாம் என்று பஞ்சு மனசுக்குள் கணக்குப் போட்டார். அக்கா வீட்டுப் பக்கம் போகும்போது ஜன்னலை இறக்கிவிட்டுக்கொண்டு போகலாம் என்ற ஒப்பந்தத்தின் பேரில் மனைவியும் சம்மதித்தார்.

மறுநாள் சாயங்காலம் வெயில் நன்றாக இருந்தது. பஞ்சு வண்டியின் மூக்கைச் சுவரில் இடிக்காத குறையாக நிறுத்தியிருந்தார். உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார். வாட்ச்மேன் வந்து ஜன்னலில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டார். பஞ்சு அவர் முகத்துக்கு நேரே நாக்கை நீட்டினார். வாட்ச்மேன் மீசையின் மற்றொரு நுனிக்குப் போனார்.

பஞ்சுவுக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி இருந்தது. அத்தனை நாள் தேங்கியிருந்தது மடை திறந்து வந்தது. முதலில் ஆபீஸில் தலைக்கு மேல் கீச்கீச்சென்று கத்தும் ஃபேன். "ஏண்டா, காத்தும் குடுக்காம கத்தவும் செய்யறியே, நீ ஃபேனா, இல்ல எங்க மேனேஜருக்குத் தம்பியா?" அப்புறம் கேன்டீன் டீ. "பாத்திரம் கழுவின தண்ணிகூட இதைவிடக் கொஞ்சம் திக்கா இருக்கும்யா." வாட்ச்மேன் வாயைப் பொத்திக்கொண்டார். பல் வலியாக இருக்கும் என்று பஞ்சு நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஒரு அதிசயம் நடந்தது. ஃபேன் சத்தம் நின்றிருந்தது. யாரோ எண்ணெய் போட்டிருந்தார்கள்.

அதற்கடுத்த நாள் டீ, டீ மாதிரி இருந்தது. பக்கத்து சீட்டுக்காரரின் நகம் தன் மேஜைமேல் வந்து விழுவதைப் பற்றிப் பஞ்சு காருக்குள் உருகி உருகித் திட்டிய மறுநாள், அவர் கையை மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார். பஞ்சுவுக்குப் புல்லரித்தது. புது வண்டி வந்த ராசி என்றார் மனைவி. நான் செய்துவைத்த செட்டிங் என்றான் மைத்துனன். பஞ்சு இரண்டையும் நம்பவில்லை. எல்லாம் அந்தக் கண்ணாடியின் மகிமை என்று நினைத்துக்கொண்டார்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. சாயங்காலமானால் அவர் வண்டியைச் சுற்றி ஆட்கள் கூடத் தொடங்கினார்கள். முகம் பார்க்கத்தான். முதலில் வாட்ச்மேன் மட்டும். பிறகு கேன்டீன்காரர், கணக்குப் பிரிவுப் பெண்கள், லிஃப்ட்காரர் என்று ஒவ்வொருவராக வந்தார்கள். தலையைக் கோதிக்கொண்டும் காலரைச் சரிசெய்துகொண்டும் நின்றார்கள். சிலர் டீ கிளாஸோடு வந்து தூணில் சாய்ந்துகொண்டார்கள். கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தன் மூஞ்சியைத் தானே பார்த்து இப்படிச் சிரிக்கிற ஜனங்களும் உண்டா என்று பஞ்சுவுக்கு அவர்கள்மேல் பரிதாபமே வந்துவிட்டது. அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து, ஒருவருக்கும் தெரியாமல் அவர்களையே திட்டுவதில் தனி ருசி இருந்தது.

ஒருநாள் மேனேஜரே வந்தார். அவர் தலையில் வாருவதற்கு ஒரு முடி கிடையாது. இருந்தாலும் ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். பஞ்சுவுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. இப்படி ஒரு வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? பஞ்சு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"கிளம்பற நேரத்துல ஒரே நிமிஷம் ஒரே நிமிஷம்னு பிடிச்சு உக்காரவெக்கறியே, உன் நிமிஷத்துக்கு எத்தனை செகண்டுய்யா? உங்க வீட்டுக் கடிகாரம் என்ன, நம்ம கம்பெனி மெஷினா, சுத்த ஆரம்பிச்சா நிக்காதா?"

மேனேஜரின் முகம் சிவந்தது. பிறகு உதடு துடித்தது. பிறகு தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தத் தலையில் அப்படி என்னதான் ரசிக்கிறார் என்று பஞ்சுவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் மணி ஐந்து அடித்ததும் மேனேஜர் பஞ்சுவின் மேஜைக்கு வந்தார். ஒரே நிமிஷம் என்று வாயெடுத்தவர் அப்படியே விழுங்கிவிட்டு, "நேரமாச்சு, கிளம்புங்க, வண்டி காத்திருக்கும்" என்றார்.

அன்றைக்குத் திட்டியதில் பஞ்சுவின் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் வெறும் காற்றுதான் வந்தது. சுற்றி நின்றவர்கள் என்னவோ அன்று சீக்கிரமே கலைந்துபோனார்கள். தன் முகம் தனக்கே அலுத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள்தான் மாசக் கடைசி. எல்லாரையும் ஹாலில் கூட்டிவைத்து மேனேஜர் அறிவித்தார். புதிய பிரிவுத் தலைவர் பஞ்சு. "இந்த ஆபீஸ்ல என்னென்ன குறை இருக்குன்னு இவரைவிடத் தெளிவா யாராலயும் எடுத்துச் சொல்ல முடியாது" என்றார். தான் ஒன்றுமே சொன்னதில்லையே என்று பஞ்சுவுக்கு ஒரு கணம் குழப்பம். பிறகு, சொல்லாமலே புரியவைப்பதுதான் திறமை போலிருக்கிறது என்று சமாதானமானார். பக்கத்து சீட்டுக்காரரே முதல் ஆளாக வந்து கைகொடுத்தார். கைகொடுக்கும் முன் நகத்தைக் காட்டினார். ஒட்ட வெட்டியிருந்தது.

பேசச் சொன்னார்கள். பஞ்சு எழுந்தார். மனசு நிறைந்து, குரல் தழுதழுத்தது.

"இந்த நாற்காலிக்கு நான் வந்ததுக்குக் காரணம் பொறுமைதான். இத்தனை வருஷத்துல உங்க யாரையும் நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினது கிடையாது. மனசாலகூட நினைச்சது கிடையாது."

கேன்டீன்காரருக்குப் புரையேறியது. கணக்குப் பிரிவுப் பெண் ஒருத்தி மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். மேனேஜர் கைக்குட்டையால் முகத்தை முழுக்க மூடிக்கொண்டார். தன்மேல் இவர்களுக்கு இத்தனை பாசமா என்று பஞ்சுவுக்கும் அழுகை வந்துவிட்டது. இவர்களைப் போய் இத்தனை நாள் திட்டினோமே என்று நெஞ்சு உறுத்தியது. இனிமேல் திட்டக் கூடாது என்று அங்கேயே முடிவு செய்தார். இன்றைக்கு மட்டும், கடைசியாக ஒருதடவை திட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம்.

கீழே வந்தார். வண்டியைச் சுற்றி ஆபீஸே கூடியிருந்தது. முகம் பார்க்க இவ்வளவு கூட்டமா என்று சிரித்துக்கொண்டே வழிவிடச் சொல்லி உள்ளே ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். இரண்டு கையையும் தயாராகத் தூக்கினார்.

ஜன்னலில் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. வாட்ச்மேன். பஞ்சு கையை இறக்கிக்கொண்டு, முகத்தைச் சாந்தமாக்கிக்கொண்டு, கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார். வாட்ச்மேன் குனிந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

"சார், நேத்து உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு, பின்னாடி நின்னவங்களுக்கு ஒண்ணுமே கேக்கலையாம், இன்னைக்கு அந்த வெளி ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டிவெச்சுட்டு ஆரம்பிங்க, மேனேஜர் ஐயாவுக்கும் இப்பதான் நாற்காலி போட்டேன்."